என். பெத்துராஜ், குரல்வளை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இழுப்பறையைத் திறந்தார்கள். அதில் இருக்கவேண்டிய மெழுகுக் கட்டி இல்லை.

காணாமல் போனது தங்கமோ வைரமோ அல்ல. தபால்தலை அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிய வெள்ளை மெழுகு, அதன் நடுவே மிளகளவு சதை, அவ்வளவுதான். தெருவில் கிடந்தால் காக்கைகூடக் கொத்தாது. ஆனால் வியாழக்கிழமை காலை ஒரு பெண்ணின் குரல்வளையை அறுத்து எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கான பதில் அந்த மிளகுக்குள்தான் இருந்தது. இருப்பதாக எல்லோரும் நம்பினார்கள்.

இடம் கொல்கத்தா, ஜாதவ்பூரில் ஒரு தனியார் மரபணு ஆய்வுக்கூடம். காலம் 2006, காளி பூஜைக்கு முந்தின வாரம். ஆய்வுக்கூடத்தின் பெயர் வேண்டாம். அதை நடத்தியவரே இப்போது அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

அவர் டாக்டர் கௌசிக் லாஹிரி. வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யும் மனிதர். காலியான இடத்தின் முன்னால் ஒட்டியிருந்த லேபிளைச் சுட்டிக்காட்டினார். "என். பெத்துராஜ், 52, குரல்வளை" என்று அதில் அச்சாகியிருந்தது.

"திருட்டு" என்றார். சொல்லும்போது அவர் கண் தாராவின் பக்கம் போயிற்று.

தாரா வரவேற்பு மேசையில் உட்காருபவள். இழுப்பறைச் சாவியும் அவளிடம் இருந்தது. இம்மாதிரி இடங்களில் எது காணாமல் போனாலும், இருப்பவர்களில் குறைந்த சம்பளக்காரரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அது துப்பறிதல் அல்ல, பழக்கம்.

எதிரே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் ரஞ்சனா, கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர். கட்டியை மறுபரிசோதனைக்குக் கேட்டு வந்தவர். இன்னொருத்தி, அவர் கூட்டிவந்த தோழி தமயந்தி. மத்திய அரசின் தடயவியல் கூடத்தில் டி.என்.ஏ. பிரிவில் வேலை. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பொய் சொல்பவர்களை அவள் மன்னித்துவிடுவாள். சோம்பேறித்தனமாகப் பொய் சொல்பவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது.

"தமயந்தி-தி, நான் எடுக்கல" என்று அக்கா முறை வைத்து வங்காளியில் மெதுவாகச் சொன்னாள் தாரா.

"தெரியும். அதை வெச்சுக்கிட்டு நீ என்ன செய்வே, கொசுவர்த்தியா கொளுத்துவே?" என்றாள் தமயந்தி.

லாஹிரி சிரிக்கவில்லை.

அந்த லேபிளுக்கு உரியவளின் பெயர் நாகலட்சுமி. தூத்துக்குடிக்காரி. கிடர்பூர் துறைமுகத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கணவர் பெத்துராஜ் அதே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஆய்வுக்கூடப் படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பட்டத்துக்கு ஒரு கட்டம். வங்காளத்தில் பட்டம் இல்லாத மனிதர் கிடையாது. நாகலட்சுமிக்கு அது இல்லை. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றதும் கணவர் பெயரை எழுதிவிட்டாள். லேபிள் சிறியது, பட்டம் முழுதாகவும் பெயர் ஓர் எழுத்தாகவும் அச்சாகும். நாகலட்சுமி இப்படித்தான் என். பெத்துராஜ் ஆனாள்.

வைகாசியில் தொண்டை கரகரத்தது. ஆவணியில் குரல்நாணில் சிறிய புற்றுக்கட்டி என்று தெரிந்தது. நாண் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அது நல்ல அறிகுறி. இந்த அளவுக் கட்டிக்கு முதலில் கதிர்வீச்சு கொடுப்பதுதான் வழக்கம், பெரும்பாலும் குரல் தப்பிவிடும் என்றார் ரஞ்சனா. ஆனால் அறுவை மருத்துவரின் கையில் லாஹிரியின் "பாக்யலிபி" இருந்தது.

பாக்யலிபி என்றால் தலையெழுத்து. தன் பரிசோதனைக்கு லாஹிரி வைத்த பெயர் அது. அறிவியலுக்கு ஜோசியக்காரனின் பலகையை மாட்டுவதில் அவருக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அதன் அடிப்படை அழகானது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கதிர்வீச்சு புற்றுச் செல்லை எரிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை உடைக்கிறது. இழை உடைந்தால் பி53 என்ற மரபணு விழித்துக்கொள்ளும். அது செல்லுக்குள் இருக்கும் காவல்காரன். "நில், பழுது பார், முடியாவிட்டால் செத்துப்போ" என்று உத்தரவிடும். செல்லும் கீழ்ப்படிந்து சாகும், கட்டி சுருங்கும். ஆனால் சில கட்டிகளில் அந்தக் காவல்காரனே பழுதாகியிருப்பான். அங்கே இழை உடைந்தாலும் செல் அதைப் பொருட்படுத்தாமல் பெருகிக்கொண்டே போகலாம். எனவே பி53, அதோடு இன்னும் சில மரபணுக்களின் எழுத்துகளைப் படித்தால், எந்தக் கட்டி கதிர்வீச்சுக்குப் பணியும், எது பணியாது என்று ஊகிக்கலாம்.

ஊகிக்கலாம், அவ்வளவுதான். அந்த வருடங்களில் உலகம் முழுக்க இதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சில ஆய்வுகள் ஆம் என்றன, சில இல்லை என்றன. லாஹிரியின் சுவரில் மட்டும் சந்தேகமே இல்லை. "ஒரு மாதிரியும் வீணாகாது. நூற்றுக்கு நூறு முடிவு" என்று கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அடுத்த மாதம் மும்பையிலிருந்து ஒரு கம்பெனி வந்து பார்த்து வாங்கிக்கொள்ளப் போகிறது.

நாகலட்சுமியின் முடிவு வண்ணக் காகிதத்தில் வந்தது. பி53 பழுது, கதிர்வீச்சுக்குப் பணியாது, அறுவையே நல்லது. ரஞ்சனாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த துணுக்கு நோயைக் கண்டறியவே செலவாகிவிட்டது. மறுபடி படிக்க இந்த மெழுகுக் கட்டி ஒன்றுதான் இருந்தது.

"மேலே சாய் கிருஷ்ணா இருக்கிறான். அவனைக் கேளுங்கள். உங்கள் ஊர்ப் பையன், என் கூடத்தின் மூளையே அவன்தான்" என்றார் லாஹிரி.

அப்படியானால் இவர் எந்த உறுப்பு என்று தமயந்தி கேட்கவில்லை. மாடி ஏறினாள்.

சாய் கிருஷ்ணா மயிலாப்பூர். முப்பது வயது. கையுறையைக் கழற்றாமலே வணக்கம் சொன்னான்.

"கட்டியைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"ரிப்போர்ட் போன அன்னிக்கு, மேடம். சீவி டி.என்.ஏ. எடுத்துட்டுக் கீழே கொடுத்துட்டேன்."

"இப்ப அது இல்லை."

"கேள்விப்பட்டேன். இங்கே கீழே வேலை செய்யறவங்களுக்கெல்லாம் அதோட மதிப்பு எங்கே தெரியும்? பரவாயில்லை." உறைபெட்டியைத் திறந்து விரல்நுனி அளவு குழாய் ஒன்றை எடுத்தான். மூடியில் அதே என். பெத்துராஜ். "கட்டி போனா என்ன? அதிலிருந்து எடுத்த டி.என்.ஏ. இருக்கு. நீங்களே மெஷின்ல ஓட்டிப் பாருங்க, அதே ரிசல்ட்தான் வரும்."

"அவ்வளவு நிச்சயமா?"

"போர்ட் ஆளுங்கன்னு கேள்வி, மேடம். பீடி, சாராயம், புகையிலை. அந்தத் தொண்டையில பி53 உடையாம இருந்தாத்தான் நான் ஆச்சரியப்படுவேன்."

தமயந்தி குழாயை ஐஸ் டப்பாவில் வைத்தாள். உறைபெட்டியும் இழுப்பறையும் திறக்க எத்தனை சாவிக்கொத்து என்று கேட்டாள். மூன்று. லாஹிரியிடம் ஒன்று, தன்னிடம் ஒன்று, மாதிரிகளை மேலே கொண்டுவரும் தாராவிடம் ஒன்று என்றான். தாரா என்றபோது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

கீழே வந்து தாராவிடம் தேநீர் வாங்கிக் குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள். நாகலட்சுமியை மாஷி, அதாவது சித்தி, என்றே தாரா சொன்னாள். அந்த மாஷியை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. துர்கா பூஜை தொடங்குவதற்கு முன்னால், பஞ்சமி அன்று, ஆஸ்பத்திரி தந்த சதையை ஃபார்மலின் புட்டியில் போட்டுத் தானே கொண்டுவந்தார். புட்டியை தாரா உடனே மேலே சேர்த்தாள். மத்ராஸி பாபு, அதாவது சாய் கிருஷ்ணா, அன்று மாலை ஊருக்கு ரயில் ஏறும் அவசரத்தில் இருந்தார். மேசையில் வைக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து, லக்ஷ்மி பூஜையும் முடிந்துதான் திரும்பினார்.

ரிப்போர்ட் வாங்க வந்த நாளும் நினைவிருந்தது. லாஹிரி சாரே மாஷியை உள்ளே அழைத்து, ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்கினார். வெளியே வந்த மாஷி பெஞ்சில் உட்கார்ந்து, மேலே ஒரு தமிழர் இருக்கிறாராமே, ஒரு நிமிஷம் தன் பாஷையில் சொல்லச் சொல்ல முடியுமா என்று கேட்டார். தாரா மாடிக்கு போன் செய்து, "உங்க தேசத்து ஆள் வந்திருக்கு, ரிப்போர்ட் புரியலையாம், கொஞ்சம் பேசணுமாம்" என்றாள். வேலையாக இருக்கிறேன் என்று பதில் வந்தது. மாஷி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்.

தமயந்தி தேநீரை முழுதாகக் குடித்துவிட்டு எழுந்தாள்.

அன்று மாலை தன் கூடத்தில் குழாயின் டி.என்.ஏ.வை ஓட்டினாள். பி53 பழுதுதான். ரிப்போர்ட்டில் கண்ட அதே எழுத்தில் அதே பிழை. சாய் கிருஷ்ணா சொன்னது சரி. வேறு யாராவது என்றால் இத்துடன் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஆனால் தடயவியல் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த டி.என்.ஏ. வந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், கூடவே ஒரு மரபணுவைச் சேர்த்து ஓட்டுவார்கள். அது பல் எனாமலை உண்டாக்கும் மரபணு. அதன் ஒரு பிரதி எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, இன்னொன்று ஒய் குரோமோசோமில். எக்ஸில் இருப்பது ஆறு எழுத்து குட்டை. எனவே பெண்ணின் டி.என்.ஏ.வை ஓட்டினால் ஒரே ஒரு கோடு விழும். ஆணுடையதை ஓட்டினால் குட்டைக்கு ஒன்று, நெட்டைக்கு ஒன்று என இரண்டு கோடுகள் விழும். பிணத்துக்கு முகம் இல்லாவிட்டாலும் ஆணா பெண்ணா என்று இதுவே சொல்லிவிடும்.

இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. இரண்டும் ஒரே தடிமன். யாரோ தும்மிக் கலந்திருந்தால் ஒன்று நிழல்போல மங்கலாக இருக்கும். இது கலப்படமல்ல. நாகலட்சுமியின் பெயரெழுதிய குழாயில் முழுசாக ஓர் ஆண் இருந்தான்.

புதன் காலை பதினொன்றுக்கு லாஹிரியின் அறையில் தமயந்தி இதைச் சொன்னாள். ரஞ்சனா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ ஓர் ஆணின் கட்டியைப் படித்துவிட்டு, மறுநாள் ஒரு பெண்ணின் குரல்வளையை எடுக்க இருந்தார்கள். மெழுகுக் கட்டி ஏன் மாயமானது என்பதும் இப்போது தெளிவு. அது வெளியே போனால் குழாயோடு பொருந்தாது.

லாஹிரி யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"அப்படியானால் குற்றவாளி யார் என்பது எளிது. சாவி உள்ளவர்கள் மூன்று பேர். லேபிளைப் பார்த்து ஆணா பெண்ணா என்று தெரியாமல் குழம்பியவர்தான் மாற்றியிருக்க வேண்டும். நான் நோயாளியைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். சாய் தமிழன், தமிழ்ப் பெயர் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மிச்சம் தாரா. தினம் அறுபது முகம் பார்ப்பவள். அவளுக்கு மத்ராஸிப் பெயர் எல்லாம் ஒன்றுதான்."

"நல்லா யோசிச்சிருக்கீங்க. நேர் தலைகீழா" என்றாள் தமயந்தி. "சாயைக் கூப்பிடுங்க. அவர் வந்ததும் ஒரு நிமிஷம் நீங்க வாயைத் திறக்காம இருக்கணும். கஷ்டம்தான், முயற்சி செய்யுங்க."

பிறகு கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த தம்பதியை உள்ளே அழைத்தாள். வந்தவர்களில் ஆணுக்கு வெயிலில் கறுத்த முகம், கழுத்தைச் சுற்றி மஃப்ளர். கொல்கத்தாவில் ஐப்பசி பிறந்தாலே எல்லோர் கழுத்திலும் மஃப்ளர் ஏறிவிடும். பெண் மெலிந்தவள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

சாய் கிருஷ்ணா வந்தான். தமயந்தி யாரையும் அறிமுகம் செய்யவில்லை. "பெத்துராஜ் குடும்பம். பயந்துபோயிருக்காங்க. தமிழ்ல நாலு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

அவன் நாற்காலியை இழுத்து அந்த ஆளின் எதிரே போட்டுக்கொண்டான். குரலில் பரிவை வரவழைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க சார். குரல்வளையை எடுத்தாலும் இப்பல்லாம் தொண்டையில ஒரு வால்வு வைப்பாங்க, ஓரளவு பேசலாம். நீங்க இப்ப பேசவே வேண்டாம், சிரமப்படுத்திக்காதீங்க." பெண்ணின் பக்கம் திரும்பினான். "நீங்கதாம்மா அவருக்குத் தைரியம் சொல்லணும்."

அந்த ஆள் மஃப்ளரைத் தளர்த்திக்கொண்டார்.

"எனக்கு என்னத்துக்குவே வால்வு?" என்றார் பெத்துராஜ். கிரேன் மேலிருந்து தரைக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். மேசைமேல் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது. "எந் தொண்டை நல்லாத்தான் இருக்கு. சீக்கு அவளுக்கு."

சாய் கிருஷ்ணா நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான். லாஹிரி தன் வாழ்நாளில் முதல் முறையாகப் பிறர் சொன்னதைக் கேட்டு வாயை மூடியே இருந்தார்.

"மாத்தினது சாய் கிருஷ்ணா" என்றாள் தமயந்தி. "டாக்டர் லாஹிரி, உங்க கணக்கு எங்கே தப்பாச்சுன்னு சொல்றேன். தாரா இந்த லேபிளைப் பார்த்தா என்ன நினைப்பா? பெத்துராஜ்ங்கறது பட்டம். பானர்ஜி, தத்தா மாதிரி. என் அப்படிங்கறதுதான் ஆளு. அது நிதாய்ங்கற ஆம்பளையா நந்திதாங்கற பொம்பளையான்னு தெரியாது. தெரியாட்டா, படிவத்தைப் பார்த்துக்குவா. வங்காளிக்கு இந்த லேபிள் ஒரு கேள்வி. தமிழனுக்கு அது பதில். என். பெத்துராஜ்னா அவனுக்கு வேற அர்த்தமே கிடையாது: அப்பா பேர் என்ல ஆரம்பிக்குது, ஆளு பெத்துராஜ். ஆம்பளை. சந்தேகம் வந்தாத்தானே சரிபார்ப்பான்? இந்தத் தப்பைச் செய்யத் தமிழ் தெரிஞ்சிருக்கணும்."

அவள் தொடர்ந்தாள்: "நேத்து எங்கிட்ட பீடி, சாராயம்னு சொன்னார். எக்ஸ்சேஞ்சில உக்காந்து போன் எடுக்கறவங்களைப் பத்தி யாரும் அப்படிச் சொல்லமாட்டாங்க. தாரா போன் பண்ணினப்பவாவது இவருக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அவ சொன்னது, உங்க தேசத்து ஆள். வங்காளியில அவன், அவள் கிடையாது. வந்திருக்கு, பேசணுமாம், அவ்வளவுதான். மாடிப்படி பதினாலு இறங்கியிருந்தா, தான் செஞ்ச தப்பு எதிர்ல பெஞ்சில உக்காந்திருக்கறதைப் பார்த்திருப்பார்."

"ஏன் செய்தான்?" என்றார் ரஞ்சனா.

தமயந்தி சுவரில் மாட்டிய சட்டத்தைக் காட்டினாள். ஃபார்மலின் சதையை அழுகாமல் காக்கும். அதன் வேலையே உள்ளே இருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று பூட்டிவைப்பதுதான். ஒரு நாள் வைத்தால் பாதகமில்லை. பஞ்சமியிலிருந்து லக்ஷ்மி பூஜை தாண்டி மேசையில் கிடந்தால், பூட்டுகள் இறுகி டி.என்.ஏ. இழை தூள்தூளாகும். ஊரிலிருந்து திரும்பியவன் சீவி ஓட்டிப் பார்த்தபோது எழுத்தே வந்திருக்காது. மாதிரி வீணாகிவிட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். இன்னொரு துணுக்கு எடுத்திருப்பார்கள். ஆனால் நூற்றுக்கு நூறு, தொண்ணூற்றொன்பதாகியிருக்கும். மும்பைக்காரர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்கள். ரயிலைப் பிடிக்க ஓடியதும் வெளியே வந்திருக்கும்.

"ஏற்கெனவே படிச்சு முடிச்ச பழைய குரல்வளை ஒண்ணு. அதே வயசு, ஆம்பளை. அதிலிருந்து எடுத்து இந்தப் பேரை ஒட்டினார். கட்டியை வெளியே வீசியிருக்க மாட்டார். நம்ம தொழில்ல யாருக்கும் சதையைக் குப்பையில போட மனசு வராது. பழைய இழுப்பறையில, அந்த ஆம்பளையோட இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். சரிதானே?"

சாய் கிருஷ்ணா தலையாட்டினான். பிறகு, "சயன்டிஃபிக்கா பார்த்தா, மேடம், எழுபது சதவீதம் இதே ரிசல்ட்தான் வந்திருக்க வாய்ப்பு..." என்று ஆரம்பித்தான்.

"நிறுத்துங்க. ஒரு தொண்டையைப் பத்தி எழுபது சதவீதம்னு பேசற தைரியம் அந்தத் தொண்டையைப் பார்க்காதவங்களுக்குத்தான் வரும்."

தாரா பழைய இழுப்பறையிலிருந்து கட்டியைக் கொண்டுவந்தாள். லேபிள் சுரண்டப்பட்டிருந்தது. மாலையில் தமயந்தி அதை ஓட்டிப் பார்த்தாள். ஆறு எழுத்து, பத்து எழுத்து நீளத் தூள்தான் இருந்தது. பி53 பழுதா, நல்லதா? அது சொல்லவில்லை. இனி எப்போதும் சொல்லாது.

ரஞ்சனா அறுவை மருத்துவருக்கு போன் செய்தார். இந்த ரிப்போர்ட் வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். கதிர்வீச்சுதான், சந்தேகமென்ன என்றார் அவர். வியாழக்கிழமை அறுவை ரத்தானது. தலையெழுத்தைப் படித்துச் சொல்வதாகக் கிளம்பியவர்கள் செய்த ஒரே உதவி, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்ததை மறக்கச் செய்ததுதான்.

ஆனால் இது பிறகு நடந்தது. புதன் காலை அந்த அறையில், ரஞ்சனா போலீஸுக்குச் சொல்ல எழுந்தபோது, அதுவரை பேசாமல் இருந்த நாகலட்சுமி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். சாய் கிருஷ்ணாவைப் பார்த்தாள். மணலில் செருப்புத் தேய்வதுபோன்ற குரல். ஒவ்வொரு சொல்லையும் தள்ளி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

"தம்பி, அன்னைக்கு நா கீழதான் இருந்தேன். ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒங்க வாயால கேக்கணும்னு இருந்தேன். இங்க இருபத்தஞ்சு வருசமா யாரு போன் பண்ணாலும் எடுத்துப் பேசுதேன். கப்பக்காரன், லாரிக்காரன், குடிகாரன், எல்லார்ட்டயும். ஒருத்தருக்கும் வேலையா இருக்கேன்னு சொன்னதில்ல."

அவன் ஏதோ மன்னிப்புபோல முனகினான்.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க" என்றாள் நாகலட்சுமி. "எனக்குத்தான தொண்டையில சீக்கு."